எடை போனால் அளவுகோலும் போகும்

ஒருவர் நடப்பதை அளப்பது பூமியில் பெரிய வித்தை இல்லை. ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னச் சின்ன உருண்டைகளை மூட்டுகளில் ஒட்டிவிடுவார்கள். சுற்றிலும் வைத்த அகச்சிவப்புக் கேமராக்கள் அவை எங்கெங்கே போகின்றன என்று பின்தொடரும். தரையில் பதித்த விசைத்தட்டு, ஒவ்வோர் அடியும் எவ்வளவு அழுத்தத்தோடு விழுகிறது என்று சொல்லும். ஆளை ஒருமுறை எடை மெஷினில் ஏற்றி இறக்கினால் கணக்குக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. முழங்காலில் எவ்வளவு முறுக்குவிசை, இடுப்பில் எவ்வளவு என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இதே ஆய்வுக்கூடத்தை அப்படியே விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோனால் பாதிக்கு மேல் உதவாது. எடை மெஷின் பூஜ்ஜியம் காட்டும். விசைத்தட்டின் மேல் யாரும் நிற்கப் போவதில்லை. கேமராவை எதற்கு நேராக நிறுத்துவது என்பதே சிக்கலாகிவிடும். அங்கே செங்குத்து என்று எதைச் சொல்வது? மனித அசைவை அளக்க நாம் செய்துவைத்திருக்கும் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஈர்ப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்ட பிறகுதான் அது செய்துகொண்டிருந்த வேலை தெரிய வருகிறது. மிதக்கும் உடலை அளப்பதன் ஐம்பதாண்டுக் கதையில் பாதி, அந்த வேலையை வேறு எதன் தலையில் கட்டுவது என்ற தேடல்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாமல் போய்விடவில்லை. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் இழுப்பு தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் அதற்குள் இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் யாரும் எதன் மேலும் அழுந்துவதில்லை, அவ்வளவுதான்.

எடை இல்லை, சரி. நிறை? அது எங்கேயும் போகவில்லை. 70 கிலோ ஆள் அங்கேயும் 70 கிலோதான். அவர் வேகமாக வந்து சுவரில் மோதினால் வலிக்கும். அந்த நிறை தெரியாமல் அசைவுக் கணக்கு எதையும் தொடங்க முடியாது. வழி கண்டுபிடித்தவர் வில்லியம் தார்ன்டன் என்ற மருத்துவர்; பின்னாளில் அவரே விண்வெளி வீரராக இரண்டு முறை பறந்தார். 1973-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்காக அவர் உருவாக்கியது, ஸ்பிரிங்கில் கட்டிய ஒரு நாற்காலி. ஆள் அதில் உட்கார்ந்து பட்டைகளை இறுக்கிக்கொள்வார். நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து விட்டால் முன்னும் பின்னும் ஆடும். கனமான ஆள் மெதுவாக ஆடுவார், லேசான ஆள் வேகமாக. நிறை நான்கு மடங்கானால் ஒரு முறை போய்வர ஆகும் நேரம் இரண்டு மடங்காகும். ஆக, தராசுக்குப் பதில் ஒரு கடிகாரம்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு. மனித உடல் கெட்டியான கட்டை இல்லையே. நாற்காலி ஒரு பக்கம் போகும்போது குடலும் ரத்தமும் கொஞ்சம் தாமதமாகப் பின்னால் வரும். ஆடும் நேரம் பிசகிவிடும். அதனால் உட்காருபவர் உடம்பைச் சுருட்டி, தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் இந்த ஆட்டும் முறையோடு இன்னொன்றும் இருக்கிறது. மாறாத விசையால் ஆளை இழுத்து, அவர் எவ்வளவு முடுக்கம் பெறுகிறார் என்று பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதியை ஆளை வைத்தே செய்துபார்ப்பதுதான்.

அடுத்தது விசை. இதை அளக்கவேண்டிய அவசரம் உடற்கூறு ஆய்வாளர்களைவிடப் பொறியாளர்களுக்குத்தான் முதலில் வந்தது. ஸ்கைலாபில் சூரியனைப் பார்க்கும் தொலைநோக்கிகள் இருந்தன. அவை துளி பிசகாமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே மூன்று பேர் சுவரை உதைத்து உதைத்து இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தால் நிலையமே ஆடும். எவ்வளவு ஆடும் என்று தெரிந்துகொள்ளவே டி-013 என்ற சோதனை வைத்தார்கள். மூட்டுகளின் கோணத்தைப் பதிவுசெய்யும் சென்சார்களைப் பொருத்திய ஓர் உடையை வீரர் மாட்டிக்கொள்வார். விசையை அளக்கும் தட்டில் கால்களைப் பொருத்திக்கொண்டு கையை வீசுவார், குனிவார், காலை ஆட்டுவார். அப்புறம் ஒரு தட்டை உதைத்துக் கிளம்பி, மிதந்துபோய், இன்னொரு தட்டில் இறங்குவார். எந்த மூட்டு எவ்வளவு திரும்பியது, அதே நேரத்தில் சுவர் எவ்வளவு தள்ளப்பட்டது, நிலையம் எவ்வளவு அசைந்தது எல்லாம் ஒரே காலக்கோட்டில் பதிவாகும். விண்வெளியில் அசைவு அளவீடு என்று இன்று நாம் சொல்வதன் முழு வடிவமும் அந்தச் சோதனையிலேயே இருந்தது என்பது என் எண்ணம்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தேவா நியூமன் குழு இதையே வேறு விதமாகக் கேட்டது. சோதனைக்காகச் சொல்லிச் செய்யும் அசைவை விட்டுவிட்டு, அன்றாடம் வேலை பார்க்கும்போது வீரர்கள் எவ்வளவு விசை தருகிறார்கள் என்று பார்த்தால் என்ன? கைப்பிடி, கால் நுழைக்கும் வளையம், கை வைத்துத் தள்ளும் தட்டு என்று மூன்று பொருள்களுக்குள் சென்சார்களை வைத்து, 1994-இல் விண்ணோடத்திலும் 1996–97-இல் ரஷ்யாவின் மிர் நிலையத்திலும் பொருத்தினார்கள். மிர்-இல் மட்டும் 2,800-க்கும் மேற்பட்ட அசைவுகள் பதிவாயின. அவற்றில் 96 சதவீதத்தில் உச்ச விசை 60 நியூட்டனைத் தாண்டவில்லை.

60 நியூட்டன் என்றால் எவ்வளவு? பூமியில் 70 கிலோ ஆள் சும்மா நின்றாலே தரையை ஏறக்குறைய 690 நியூட்டன் விசையோடு அழுத்துகிறார். அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அங்கே அது தாராளம். 70 கிலோ வீரர் ஒருவர் 60 நியூட்டனில் அரை விநாடி தள்ளினால் விநாடிக்கு சுமார் 43 சென்டிமீட்டர் வேகம் கிடைக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 8.5 மீட்டர் நீளமுள்ள டெஸ்டினி ஆய்வுக்கூடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 20 விநாடியில் கடந்துவிடலாம், வழியில் ஒன்றும் செய்யாமலே. அனுபவப்பட்டவர்கள் விரல் நுனியால் தள்ளிக்கொண்டு போவது இதனால்தான். புதிதாக வருகிறவர்கள் பூமிக் கணக்கில் உதைத்து, எதிர்ச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

மறுபக்கக் கணக்கையும் போட்டுவிடலாம். நிலையத்தின் நிறை 420 டன் என்று வைத்துக்கொண்டால், அதே தள்ளலில் நிலையம் பெறும் முடுக்கம் பூமியின் ஈர்ப்பு முடுக்கத்தில் பத்து லட்சத்தில் சுமார் 15 பங்கு. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் படிகம் வளர்க்கிறவர்களும் திரவங்களை ஆராய்கிறவர்களும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் அமைதி கேட்பவர்கள். அவர்களுக்கு இது ஒரு குலுக்கல். உடற்பயிற்சி ஓடுபாதையை நிலையத்தோடு நேரடியாகப் பிணைக்காமல், அதிர்வைத் தாங்கும் அமைப்பின் மேல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கேமரா விஷயத்துக்கு வருவோம். மார்க்கர் உருண்டைகளைப் பின்தொடரும் முறையை விண்வெளிக்குக் கொண்டுபோனதில் இத்தாலியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. மிலான் பாலிடெக்னிக்கில் பிறந்த எலைட் என்ற அமைப்பின் வழித்தோன்றலான எலைட்-எஸ்2, நான்கு அகச்சிவப்புக் கேமராக்களோடு 2007-இல் சர்வதேச நிலையத்துக்குப் போனது. பூமியில் கேமராக்களை ஹாலின் நான்கு மூலையிலும் தூரமாக வைத்துவிடலாம். நிலையத்துக்குள் அந்த இடம் கிடையாது. சுவரெல்லாம் கருவிகள், வயர்கள், மடிக்கணினிகள். பளபளக்கும் உலோகம் எல்லாம் மார்க்கர் மாதிரியே மின்னும். சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட வேண்டும், ஏனென்றால் அதே இடத்தில் நாளை வேறு வேலை. அடுத்த முறை மாட்டும்போது கேமராவின் கோணம் ஒரு மயிரிழை மாறியிருந்தாலும் மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும். அதைச் செய்வதும் அந்த வீரர்தான். அவருடைய ஒவ்வொரு நிமிடமும் மாதக்கணக்கில் முன்பே பங்கு போடப்பட்டிருக்கும்.

கேமராவே வேண்டாம், உடம்பில் சின்னச் சின்ன அசைவு சென்சார்களைக் கட்டிவிடலாமே என்று தோன்றலாம். கைப்பேசியிலும் ஸ்மார்ட் வாட்சிலும் இருப்பவைதானே, விலையும் குறைவு. இங்கேதான் ஈர்ப்பின் ஒளிந்த வேலை பளிச்சென்று தெரிகிறது. அந்த சென்சாரில் இருக்கும் ஜைரோ எவ்வளவு திரும்பினோம் என்று சொல்லும். ஆனால் அதன் பிழை நேரம் ஆக ஆகச் சேர்ந்துகொண்டே போகும். பூமியில் அந்தப் பிழையை அவ்வப்போது திருத்துவது முடுக்கமானி. ஈர்ப்பு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து, கீழ்த் திசை இதுதான் என்று சொல்லிவிடும். சுற்றுப்பாதையில் முடுக்கமானிக்கு இழுப்பே தெரியாது. திருத்த ஆள் இல்லாமல் ஜைரோ தன் போக்கில் விலகிப் போகும். திசைகாட்டி மாதிரி காந்தப்புலத்தை வைத்துத் திருத்தலாம் என்றால், உள்ளே மோட்டார்களும் மின்கம்பிகளும் புலத்தைக் குழப்பும். வெளியே நிலையம் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிக்கொண்டிருப்பதால் புலத்தின் திசையும் மாறிக்கொண்டே இருக்கும்.

ஆக, மார்க்கர், கேமரா, கால் வளையத்துக்குள் விசை சென்சார் என்று கலந்துகட்டித்தான் வேலை நடக்கிறது. கிடைத்தது என்ன?

முதலில், சும்மா இருக்கும்போது உடல் எப்படி இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாமல் இருந்தது. ஸ்கைலாப் வீரர்கள் தளர்ந்து மிதக்கும்போது எடுத்த படங்களிலிருந்து மூட்டுக் கோணங்களை அளந்தார்கள். தோள் கொஞ்சம் தூக்கியிருக்கும். கைகள் முன்னால் மிதக்கும். நேராக நின்றால் 180 பாகையாக இருக்கும் மூட்டுக் கோணம், இடுப்பில் சுமார் 128 பாகையாகவும் முழங்காலில் சுமார் 133 பாகையாகவும் மடங்கியிருக்கும். இதற்கு நடுநிலை உடல்நிலை என்று பெயர் வைத்து, நாசா தன் வடிவமைப்பு விதிகளில் சேர்த்துக்கொண்டது. மேசை எவ்வளவு உயரம், திரை எந்தச் சாய்வு, கால் வளையம் எங்கே என்பதெல்லாம் அந்தப் படத்திலிருந்து வந்தவை. நிசான் கம்பெனி 2013 மாடல் கார் இருக்கையைக்கூட இதை வைத்து விளம்பரப்படுத்தியது. இத்தனைக்கும் அடிப்படை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். பிற்பாடு சர்வதேச நிலையத்தில் அளந்தபோது ஆளுக்கு ஆள் நன்றாகவே வித்தியாசம் இருந்தது. ஒரே படத்தை எல்லோருக்கும் பொருத்தியது அவசரப்பட்ட காரியம் என்றே எனக்குப் படுகிறது. முதுகெலும்பு வேறு நீண்டுவிடும். உயரம் 3 சதவீதம் வரை கூடுவதுண்டு, அதாவது 170 சென்டிமீட்டர் ஆள் 175 ஆகலாம். விண்வெளி உடை தைப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் இந்த அளவீடுகளில் என்னை அதிகம் பிடித்து வைப்பது தோரணை இல்லை, மூளை செய்யும் வேலைதான். இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன்.

நின்ற இடத்தில் முன்னால் குனிந்து பாருங்கள். தலையும் மார்பும் முன்னே போகும்போது இடுப்பு தானாகப் பின்னால் போகும். அப்படிப் போகாவிட்டால் உடலின் நிறைமையம் பாதத்தைத் தாண்டி, முகம் குப்புற விழுவோம். மிதக்கும் இடத்தில் விழுவதற்கு வழியே இல்லை. கால் தரையில் பொருத்தியிருக்கிறது. எப்படிக் குனிந்தாலும் ஒன்றும் ஆகாது. இடுப்பைப் பின்னுக்குத் தள்ளும் வேலையை உடல் கைவிட்டிருக்க வேண்டும். பிரெஞ்சு ஆய்வாளர் ழான் மாசியோனும் அவருடைய குழுவினரும் மிர் நிலையத்தில் இதை அளந்தபோது இடுப்பு பின்னால்தான் போனது. நிறைமையம் பாதத்துக்கு நேராகவே பெரிதும் காப்பாற்றப்பட்டது. அதைக் காப்பதற்கான காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. தசைகள் செய்யும் வேலை மட்டும் மாறியிருந்தது. பூமியில் குனியும்போது எடையே உடலைக் கீழே இழுக்கும், தசை தாங்கிப்பிடித்தால் போதும். இங்கே குனிவதையும் தசைதான் செய்தாக வேண்டும். உள்ளே புதிய கட்டளைகள், வெளியே அதே பழைய வடிவம். கேமரா மட்டும் இருந்திருந்தால் ஒன்றுமே மாறவில்லை என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று, 1998 ஏப்ரலில் கொலம்பியா விண்ணோடத்தில் நியூரோலாப் பயணத்தின்போது நடந்தது. ஜோசப் மெக்கின்டயர், மிர்கா சாகோ, அலன் பெர்தோஸ், பிரான்செஸ்கோ லக்வானிட்டி ஆகியோரின் சோதனை. வீரர் ஒரு பந்தைப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேலிருந்து ஒரு கருவி அதை வெவ்வேறு வேகங்களில் விடும். பூமியில் அது வரவர வேகம் கூடும். விண்கலத்தில் விட்ட வேகத்திலேயே நேராக வரும். கைத்தசை எப்போது இறுகத் தொடங்குகிறது என்பதை மின்முனைகள் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் சீக்கிரமே இறுக்கிவிட்டார்கள். அதுவும் எவ்வளவு சீக்கிரம் என்பது பந்தின் வேகத்துக்கு ஏற்ப மாறியது. பந்து பூமியின் ஈர்ப்பில் வேகமெடுத்து வருகிறது என்று கணக்குப் போட்டால் எவ்வளவு முந்த வேண்டுமோ, அந்த வகையில் முந்தினார்கள். பந்து சீரான வேகத்தில் வருவதைக் கண் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் மூளை தன் பழைய சூத்திரத்தை நம்பியது. பயணம் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடியும் அந்த நம்பிக்கை முழுசாகக் கலையவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கையை மேலே நீட்டும்போது வேகம் சீக்கிரம் உச்சத்தை எட்டும், கீழே இறக்கும்போது தாமதமாக எட்டும். ஈர்ப்பைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு உழைப்பை மிச்சம் பிடிக்கும் உத்தி இது. பரவளையப் பறப்புகளில் விமானம் மேலேறி வளைந்து இறங்கும்போது ஒவ்வொரு முறையும் சுமார் 22 விநாடி எடையின்மை கிடைக்கும். அதில் இதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னபோது, மேல்-கீழ் வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஆக, மூளை சிலதைச் சட்டென்று மாற்றிக்கொள்கிறது, சிலதை விடாப்பிடியாக வைத்துக்கொள்கிறது. எது எந்த வகை என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் ஒரு பொதுவிதி அகப்படவில்லை.

எதையும் தொடாமல் நடுவெளியில் மாட்டிக்கொண்டவர் திரும்ப முடியுமா என்பது வேறொரு பழைய கேள்வி. 1960-களிலேயே அமெரிக்க விமானப்படை ஆய்வாளர்கள் இதைப் போட்டு உருட்டினார்கள். மனித உடலை 15 எளிய வடிவத் துண்டுகளாகப் பிரித்து ஹனவன் 1964-இல் கொடுத்த கணித மாதிரி அந்தக் காலத்தில் பிறந்ததுதான். மல்லாக்க விழுந்த பூனை எப்படிக் காலில் இறங்குகிறது என்று 1969-இல் ஷெர் என்பவருடன் சேர்ந்து விளக்கிய ஸ்டான்போர்டின் தாமஸ் கேன், அதே கணக்கை மனிதருக்கும் போட்டார். கையைத் தலைக்கு மேல் தூக்கி வட்டமாகச் சுழற்றினால் உடல் எதிர்ப்பக்கம் மெதுவாகத் திரும்பும். கை நின்றதும் உடலும் நின்றுவிடும். திரும்ப முடியும், ஆனால் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகர முடியாது.

நடைமுறையில் இன்று அதிக அவசரம் உடற்பயிற்சிக்குத்தான். எடையைத் தாங்காத இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கும். அதனால் வீரர்கள் ஓடுகிறார்கள். ரப்பர் பட்டைகள் தோளையும் இடுப்பையும் ஓடுபாதையோடு இழுத்துப் பிடித்திருக்கும். 2007-இல் சுனிதா வில்லியம்ஸ் இப்படிக் கட்டிக்கொண்டு ஒரு முழு மாரத்தானே ஓடினார். பார்க்க ஓட்டம் மாதிரியே இருக்கும். பீட்டர் கவானாவின் குழு, சென்சார்கள் வைத்த இறுக்கமான கால்சட்டையையும் காலணிக்குள் விசைப் பட்டையையும் வீரர்களுக்குக் கொடுத்து அளந்தபோது, பாதத்தில் விழும் விசை பூமியைவிட நடையில் சுமார் கால் பங்கும் ஓட்டத்தில் ஏறக்குறைய பாதியும் குறைவாக இருந்தது. பட்டையை இன்னும் இறுக்கலாமே என்றால் தோள் வலிக்கும், உராய்ந்து புண்ணாகும்.

பளு தூக்குவதில் இன்னொரு நுணுக்கம். பூமியில் தோளில் 60 கிலோ வைத்து உட்கார்ந்து எழுபவர் தன் உடம்பையும் சேர்த்துத் தூக்குகிறார். மேலே அந்த உடம்புக்கு எடை இல்லை. அதே பயன் வேண்டுமானால் அந்தப் பங்கையும் கருவியிலேயே கூட்டி வைக்க வேண்டும். 2008-இல் போன பளுக்கருவி சுமார் 270 கிலோ வரை எதிர்விசை தருகிறது. ஆனால் அந்த விசை முழுக்கத் தோள் வழியாகவே இறங்குகிறது. முழங்காலுக்கும் முதுகுக்கும் யார் எவ்வளவு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் எந்தக் கோணத்தில் உட்கார்ந்து எழுகிறார் என்பதைப் பொறுத்தது. அதற்குத்தான் அசைவு அளவீடு வேண்டும்.

மார்க்கர் ஒட்டாமல் சாதாரண வீடியோவிலிருந்தே மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. வீரரின் நேரத்தைத் தின்னாது என்பதால் ஆசையாகத்தான் இருக்கிறது. அவற்றிலும் அதே பழைய பூதம் இருக்கிறது. பெரும்பாலும் தலை மேலும் கால் கீழுமாக இருக்கும் மனிதர்களின் படங்களைப் பார்த்துக் கற்றவை அவை. தலைகீழாக, குறுக்காக மிதக்கும் ஆளைக் காட்டினால் தடுமாறுகின்றன. எல்லாக் கோணத்திலும் சுழற்றிய படங்களைக் கொடுத்து மறுபடி பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது.

நேரமும் அதிகம் இல்லை. சர்வதேச நிலையத்தில் உடற்பயிற்சிக் கருவிகள் மட்டும் சுமார் 1,800 கிலோ. நிலவுக்குப் போகும் ஓரியன் கலத்தில் அதற்கு இடமில்லை. அங்கே இருப்பது 14 கிலோ எடையுள்ள ஒரு சுழல்சக்கரக் கருவி, கயிற்றை இழுத்தால் எதிர்விசை தரும். பத்து நாள் பயணத்துக்கு அது போதும். செவ்வாய்க்குப் போகும் வழியில் ஆறேழு மாதத்துக்கு அந்த அளவு கருவியே போதுமா, எந்தத் தோரணையில் இழுத்தால் இடுப்பெலும்பில் எவ்வளவு சுமை விழும் என்பதைக் கலத்தை வடிவமைத்து முடிப்பதற்கு முன்பே அளந்து சொல்லியாக வேண்டும்.